சகாயராஜின் இடது காது

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு, காதைச் சோதிக்கும் ஆடியோமீட்டரை எப்படி இயக்குவது என்று நான் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். என் பணிக்காலத்தில் எதைச் சரியாகச் செய்தேன் என்று நிமிர்ந்து நின்று சொல்ல முடியும் என்று கேட்டால், யோசிக்காமல் ஒரு டிரம் தொழிற்சாலையைச் சொல்வேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

சிதம்பரத்தில் எங்கள் செவித்திறன் பரிசோதனை நிலையத்தில் தொழிற்சாலைப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. சர்க்கரை ஆலை, நூற்பாலை, நெல் அரவை ஆலை என்று இரைச்சலிலேயே பிழைப்பு நடத்துகிறவர்களின் காதைச் சோதிப்பது எங்கள் வேலை. அதற்கு எங்களுக்கு மூன்று வழிகள் இருந்தன. ஆட்களைச் சிதம்பரத்துக்கு வரவழைத்து ஒலிபுகா அறையில் உட்கார வைக்கலாம். எங்கள் வேனை ஆலைக்கே ஓட்டிப் போகலாம். அதற்குள்ளும் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குச் சின்ன அறை உண்டு. பெரிய ஆலையாக இருந்தால் அவர்கள் செலவில் உள்ளேயே ஓர் அறை போட்டு, நாங்கள் போய்ச் சோதித்து வரலாம். இப்போது செல்போன் செயலியும் வந்துவிட்டது. முதல் பார்வைக்கு அதுவும் பரவாயில்லை.

எது சிறந்தது என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறீர்கள். வந்து உட்காருகிற ஆள் எங்கே பயப்படாமல் உட்காருகிறாரோ அதுதான் சிறந்தது. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை.

அந்தத் தொழிற்சாலை கடலூர்ப் பக்கம். எண்ணெயும் ரசாயனமும் அடைத்து அனுப்புகிற பெரிய இரும்பு டிரம்கள் செய்வார்கள். தகட்டை வளைத்து, ஒட்டி, மூடியை வைத்து விளிம்பை அழுத்தி மடிக்கும்போது எழும் சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்சில் வந்து மோதும். உள்ளே யாரும் யாரோடும் பேசிக்கொள்ள மாட்டார்கள். எல்லாம் கைச்சாடைதான். நான் முதன்முதலாகப் போனபோது மேலாளர் கணபதி என்னை ஒரு சுற்று அழைத்துப் போய்க் காட்டினார். பிரஸ் பகுதியில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்து மேலே வந்தவர். அந்த இரைச்சலுக்கு நடுவே தம் வீட்டு வாசலில் நடப்பதுபோல் நடந்தார்.

இவர்களிடம் டிரம் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள், தொழிலாளர்களுக்குச் செவிப் பரிசோதனை நடந்ததற்குச் சான்று கேட்டிருந்தார்கள். அதனால் கணபதிக்கு அவசரம். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது வாசலிலேயே வேனை நிறுத்தி, ஒவ்வொருவராக ஏற்றி இறக்கிவிட்டால் உற்பத்தி கெடாது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். நான் முடியாது என்றேன். நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் நின்ற காது சாயங்காலம் மந்தமாகத்தான் இருக்கும். ஓய்வு கொடுத்தால் பலருக்கு மீண்டுவிடும். களைத்த காதைச் சோதித்துச் செவிடு என்று எழுதினால் அது பொய்க் கணக்கு. ஞாயிறு விடுமுறை கழித்துத் திங்கட்கிழமை காலையில், யாரும் இயந்திரத்துப் பக்கம் போவதற்கு முன்னால்தான் சோதிப்பேன் என்று சொன்னேன்.

"மத்த கம்பெனியில எல்லாம் சாயங்காலம் பண்றாங்களே மேடம்," என்றார்.

"அவுங்க பண்ணட்டும் சார். நான் கையெழுத்துப் போடறது எனக்கு நம்பிக்கை இருந்தாத்தான்."

என்னை அனுப்பிவிட்டார். வெறும் கையோடு சிதம்பரத்துக்குத் திரும்பினேன். நிலையத்தில் என்மேல் கொஞ்சம் வருத்தம்தான். பெரிய வேலை அது. இரண்டொரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டு, திங்கட்கிழமை காலையே வரச் சொன்னார். வேறு யாரையாவது கேட்டுப் பார்த்தாரா, என்ன நடந்தது என்று நான் விசாரிக்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், முதல் நாளே வளைந்துகொடுத்திருந்தால், பிறகு நிமிர வேண்டிய இடத்தில் எனக்கு நிமிர வந்திருக்காது.

அந்தத் திங்கட்கிழமை விடிந்ததும் வேனில் கிளம்பினோம். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஜெனரேட்டரின் அதிர்வு எட்டாத இடமாகப் பார்த்து, கேன்டீனுக்குப் பின்னால் வண்டியை நிறுத்தினேன். எல்லாம் தயார். ஆள்தான் வரவில்லை.

வெளியே எட்டிப் பார்த்தால் அத்தனை பேரும் சாலைக்கு எதிர்ப்புறம் டீக்கடையில் நிற்கிறார்கள். நடுவில் கையைக் கட்டிக்கொண்டு ஒருவர். அவர்தான் சகாயராஜ். சங்கச் செயலாளர். தகட்டுக் கட்டுகளைத் தூக்கி நகர்த்துகிற கிரேனை ஓட்டுகிறவர். கடலூர் முதுநகர்க்காரர். அவர் தலையசைக்காமல் அங்கே யாரும் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டார்கள் என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

நானே சாலையைக் கடந்து போனேன். அவர் எனக்கும் ஒரு டீ சொன்னார். மரியாதையான மனிதர். இது உங்கள் நன்மைக்குத்தான், ஊசி கிடையாது, வலி கிடையாது என்று நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க நல்லவங்களாத்தான் இருப்பீங்க மேடம்," என்றார். "ஆனா நீங்க எழுதற காகிதம் நாளைக்கு யாரு கையில இருக்கும்னு உங்களுக்கே தெரியாது. காது போனவன்னு ஒருத்தன வெளிய அனுப்பிட்டாங்கன்னா அவன் எங்க போவான்? இந்தச் சத்தத்தாலதான் போச்சுன்னு அப்ப யாரு வந்து சொல்லுவா, நீங்களா?"

பக்கத்தில் நின்ற ஒருவர், "விடு மச்சான், அவுங்கள கேட்டு இன்னா ஆவப்போவுது," என்று அவரை இழுத்தார்.

இந்த மாதிரி நேரத்தில் இனிமையாகப் பேசிக் கரைத்துவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அவர் கேட்டது சந்தேகம் இல்லை, நியாயம். நியாயத்துக்கு நியாயத்தால்தான் பதில் சொல்ல முடியும். டீயைக் குடித்து முடித்து, நேராகக் கணபதியின் அறைக்குப் போனேன்.

சோதனை முடிவு முதலில் அந்தந்தத் தொழிலாளியின் கையில்தான் கொடுக்கப்படும். சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டியதை ஆலை மருத்துவர் தெரிவிப்பார். அதற்குமேல் வேறு யாருக்கும் எதுவும் போகாது. நிர்வாகத்துக்கு, இந்த ஆள் இந்த வேலை பார்க்கலாம், பார்க்கக் கூடாது என்பது மட்டும் சொல்லப்படும். காது குறைந்தது என்பதற்காக யாரையும் நிறுத்தக் கூடாது; சத்தம் குறைந்த பகுதிக்கு மாற்றினால் அதே சம்பளம். இதைத் தமிழில் எழுதி, கையெழுத்துப் போட்டு, வாசல் பலகையில் ஒட்டினால் சோதிக்கிறேன், இல்லையென்றால் வண்டியை எடுக்கிறேன் என்றேன்.

கணபதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க சங்கத்துக்கு வேல பாக்கறீங்களா, கம்பெனிக்கா?" என்று கேட்டார்.

"காதுக்கு," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தலைமை அலுவலகத்தோடு பேசினார். வெளியே எனக்கே அவர் குரல் கேட்டது. பாதி நேரம் அவர் என் பக்கம் பேசுவதுபோல் இருந்தது. வெயில் ஏறும் நேரத்தில் நோட்டீஸ் பலகைக்கு வந்தது. சகாயராஜ் சாலையைக் கடந்து வந்து, அதை ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தார். படித்து முடித்து என் பக்கம் திரும்பித் தலையசைத்தார். கூட்டம் வாசலுக்குள் வந்தது.

அன்று பலருக்கும் உயர்ந்த சுருதிச் சத்தங்களைக் கேட்கும் திறன் குறைந்துதான் இருந்தது. இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒரே அளவு. இரைச்சல் அப்படித்தான் தின்னும். காதில் அடைப்பான் வைத்துக்கொண்டால் இருப்பதையாவது காப்பாற்றலாம் என்று ஒவ்வொருவருக்கும் அவர்கள் சோதனையில் வந்த வரைபடத்தைக் காட்டியே விளக்கினேன்.

சகாயராஜ் எல்லோரையும் முன்னால் அனுப்பிவிட்டுக் வரிசையில் கடைசியாக வந்தார். வேனில் நான் கருவியோடு வெளியே உட்கார்ந்திருப்பேன். அவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். வலது காதுக்குக் கொடுத்தபோது அழகாகப் பொத்தானை அழுத்தினார். இடது காதுக்கும் அழுத்தினார். ஆனால் அந்த அழுத்தலில் ஏதோ இடறியது. காது கேட்டு அழுத்துகிறவர் கண் எங்கேயோ வெறுமையில் இருக்கும். இவர் கண் என் தோளில் இருந்தது. சத்தம் எதுவும் கொடுக்காமல், கொடுப்பதுபோல் கையை மட்டும் லேசாக நகர்த்தினேன். அழுத்தினார். இன்னொரு முறை நகர்த்தினேன். மறுபடியும் அழுத்தினார்.

வண்டிக் கதவு திறந்திருந்தது. வெளியே நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஏமாற்றுகிறீர்கள் என்று நான் சொன்னால் அந்த மனிதரின் மானம் அங்கேயே போயிருக்கும். செயலாளரே பயந்து ஏமாற்றினார் என்றால் அந்த ஆலையில் அதற்குப் பிறகு ஒருவரும் உண்மையாக உட்கார மாட்டார்கள். சரி, போகட்டும் என்று நன்றாக இருக்கிறது என எழுதினால், அவர் நேராகக் கிரேனில் ஏறுவார். கீழே ஆபத்தென்று கத்துகிறவன் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாத ஒருவரின் கையில், தலைக்கு மேல் தொங்கும் இரும்பு.

கையைக் கருவியிலிருந்து எடுத்துவிட்டேன். "இந்த ஹெட்போன்ல எனக்குத் திருப்தி இல்ல. உங்களுக்கு மட்டும் நாளைக்குச் சிதம்பரத்துல எடுத்துக்கறேன்," என்று வெளியே கேட்கும்படி சொன்னேன். அவர் இறங்கும்போது, அவர் வலது பக்கமாக நின்று, மெதுவாக, இன்றைக்குக் கிரேனில் ஏற வேண்டாம், உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிடுங்கள் என்றேன். என்னை ஒரு கணம் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி வாசலைத் தாண்டிப் போனார்.

அவர் வருவாரா என்று எனக்கு நிச்சயமில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் மனைவி மரியபுஷ்பத்தோடு வந்து இறங்கினார். அறைக்குள் நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டிருந்தேன். அதைப் பார்த்ததும் உட்காராமல் நின்றார்.

"ஊருக்கெல்லாம் நோட்டீஸப் படிச்சுக் காட்டுனவன் நானு," என்றார். "எனக்குன்னு வந்தப்ப அத நம்ப முடியல மேடம். இந்தக் காது போயி ரொம்ப நாளாச்சு. உள்ள விசில் மாதிரி ஒண்ணு ஓயாம அடிக்குது. கிரேன விட்டு எறக்கிட்டா நான் யாருன்னே எனக்குத் தெரியாம போயிடும்."

மரியபுஷ்பம் அப்போதுதான் வாயைத் திறந்தார். படி ஏறும்போது இப்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொள்கிறார் மேடம், கேட்டால் கால்வலி என்கிறார் என்று சொன்னார். சகாயராஜ் மறுக்கவில்லை.

சோதித்தேன். வலது காது அவர் வேலைக்கு நன்றாகவே இருந்தது. இடது காது மிகவும் கீழே. அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. சத்தத்தைக் கூட்டிக் கொடுத்தபோதும் அவரால் வார்த்தைகளைப் பிடிக்க முடியவில்லை. 'பால்' என்றால் 'நாள்' என்றார். 'கடை' என்றால் பேசாமல் இருந்தார். இரைச்சல் ஒரு காதை மட்டும் தேடிப்பிடித்துத் தின்னாது. கூடவே தள்ளாட்டமும். இது டிரம் சத்தத்தின் வேலை இல்லை.

இந்த இடத்தில்தான் நம் வேலையில் பலர் சறுக்குகிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தவர், காது குறைந்திருக்கிறது, இரைச்சலால் வந்த குறை என்று எழுதி மூடிவிடுவார்கள். எதிர்பார்த்துப் போன பதில் கிடைத்துவிட்டால் மனம் அதற்குமேல் தேடாது. தேட வைக்க வேண்டும்.

அவர்களை அங்கேயே உட்கார வைத்து, எங்கள் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் வரைபடத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவர் பார்த்துவிட்டு அன்றைக்கே தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் ஒரு கட்டி. புற்று இல்லை. ஆனால் வளர்கிற கட்டி. இன்னும் கொஞ்சம் போனால் மூளைத்தண்டை நெருக்கியிருக்கும் என்றார் மருத்துவர். மரியபுஷ்பம் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு, பிழைப்பாரா என்று மட்டும் கேட்டார். இப்போது வந்ததால் பிழைப்பார் என்றார் அவர்.

அன்று சாயங்காலமே கணபதி எனக்குப் போன் செய்தார். கிரேன் ஓட்டுகிறவர் இரண்டு நாளாக வரவில்லை, சிதம்பரத்தில் உங்களிடம் வந்தாராமே, அவர் முடிவு என்ன என்று கேட்டார். சகாயராஜிடம் நான் முன்பே அனுமதி வாங்கியிருந்தேன், எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று.

"அவர இப்போதைக்குக் கிரேன்ல ஏத்தாதீங்க சார். அவ்வளவுதான் நான் சொல்லலாம். மீதிய அவரே சொல்லுவாரு."

கம்பெனி அனுப்பின ஆளைப் பற்றிக் கம்பெனிக்கே சொல்ல மாட்டீர்களா என்று குரலை உயர்த்தினார். அடுத்த வருடம் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்றார். பார்த்துக்கொள்ளுங்கள் சார், ஆனால் பலகையில் இருப்பது உங்கள் கையெழுத்து என்றேன். போனை வைத்துவிட்டார். சொன்னதில் ஒரு சொல்லையும் திரும்பப் பெற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு நாளில் சகாயராஜே ஆலைக்குப் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். வேனில் ஏமாற்றியதையும் சேர்த்து. கணபதி எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாராம். இருவரும் ஒரு காலத்தில் ஒரே பிரஸ்ஸில் நின்றவர்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

புதுச்சேரியில் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள். இடது காதின் கேட்கும் திறன் திரும்பாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள், திரும்பவில்லை. தள்ளாட்டம் மெல்லச் சரியாயிற்று. சில மாதம் கழித்து வேலைக்கு வந்தார். கிரேன் இல்லை, முடிந்த டிரம்களில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற சோதனைப் பிரிவு. சம்பளம் அதேதான். தலைமை அலுவலகம் கொஞ்சம் முரண்டு பிடித்தபோது அதைப் பேசி முடித்தவர் கணபதி. கிரேனைவிட்டு இறங்கியது வருத்தமா என்று சகாயராஜிடம் ஒரு முறை கேட்டேன். முதல் மாதம் மேலே அண்ணாந்து பார்க்கவே முடியவில்லை என்றார். இப்போது அதை ஓட்டுகிற பையன் தகட்டை இறக்கும்போது லேசாக ஆட்டிவிடுகிறான், அதுதான் பொறுக்கவில்லை என்றார்.

அடுத்த வருடம் வேறு இடம் பார்க்கவில்லை. எங்களைத்தான் கூப்பிட்டார்கள். அந்த முறை நான் யாரையும் வந்து உட்காருங்கள் என்று கெஞ்சவில்லை. வரிசை முடியும்போது கணபதி தாமே வேனில் ஏறினார். கதவைச் சாத்திக்கொண்டு, தம் முடிவு யார் கைக்குப் போகும் என்று கேட்டார். உங்கள் கைக்குத்தான் சார் என்றேன். அவர் வீட்டில் டிவி சத்தம் ஜாஸ்தி என்று மனைவி ரொம்ப நாளாகச் சண்டையாம். தம் வரைபடத்தைப் பார்த்ததும், "அவ சொன்னது சரிதான்," என்றார். அந்த மாதமே காதுக்கருவி போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு ஆலையில் காது அடைப்பான் வைக்காமல் யாரும் அவர் கண்ணில் பட முடியாது.

கணபதியைச் சோதித்த அன்று, கருவியை மூடிவைத்துக் கிளம்புகிற நேரம். கேன்டீன் சுவரோரம் பெண்கள் சிலர் நின்றுகொண்டிருந்தார்கள். டிரம்களுக்கு உள்ளே இருக்கும் துகளைத் தட்டித் துடைத்து, பெயிண்டுக்கு அனுப்புகிற வேலை அவர்களுக்கு. அந்த உள்ளிடத்தில் எழும் எதிரொலி எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களை நான் முந்தின வருடம் பார்க்கவே இல்லை. யாரும் எனக்குக் காட்டவும் இல்லை. அவர்களில் ஒருத்தி, செல்வி என்று பெயர், காடாம்புலியூரிலிருந்து தினமும் வருகிறவள், முந்தானையைப் பிடித்தபடி முன்னால் வந்தாள்.

"மேடம், நாங்க கான்ட்ராக்ட் ஆளுங்க. எங்க பேரு உங்ககிட்ட இருக்காது," என்றாள். "சகாயராஜ் அண்ணன்தான் போய்க் கேட்டுப் பாருங்கன்னு சொன்னாரு. எங்களுக்கும் பாப்பீங்களா?"

டிரைவர் எஞ்சினைக் கிளப்பியிருந்தார். அணைக்கச் சொன்னேன். இயந்திரத்துப் பக்கம் போய் வந்த காது, இன்றைக்குச் சோதித்தால் சரியாக வராது, அடுத்த திங்கட்கிழமை காலை உங்களுக்காக மட்டும் வருகிறேன் என்றேன். செல்வி தலையாட்டினாள். ஆனால் நகரவில்லை. பேர் இல்லாமல் எப்படி, உள்ளே விடுவார்களா என்று மறுபடியும் கேட்டாள்.

"பேர நான் எழுதிக்கறேன்மா," என்றேன். "நீங்க காதக் கொண்டாங்க, போதும்."

அடுத்த திங்கட்கிழமை நாங்கள் போய் நின்றபோது, கேன்டீனுக்குப் பின்னால் அவர்கள் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார்கள்.